நூற்று நாற்பத்தேழு வரை

ஆங்கிலத்தில் அவனுக்கு
நூற்று நாற்பத்தேழு வரை எண்ணத் தெரியும்.
அதற்கு மேல் ஒரு மேசையில் எண்ண ஏதுமில்லை.
அறை வாடகை நானூற்றுப் பத்து என்று
ஷெஃபீல்டில் வீட்டுத் தரகர் சொன்னபோது
கைப்பேசியை நீட்டி
எழுதிக் காட்டச் சொன்னான்.

மியாவ் ஷௌசென். லான்ஜோக்காரன்.
பதினாறு முடிந்து நாலு மாதம்.
தொழில்முறை அட்டை இரண்டு வருஷத்துக்கு.
வெயிஸ்ட்கோட் இரண்டு அளவு பெரிது,
வளர்கிற பிள்ளை என்று அம்மா எடுத்தது.
அட்டை தீர்வதற்குள்
தோள் வளர வேண்டும், இல்லையென்றால்
தரவரிசை ஏற வேண்டும்.

முதல் குளிர்காலம்
ஏழு ஆட்டம், ஏழு தோல்வி.
முதல் சுற்றில் தோற்றவனுக்குக் காசு கிடையாது,
ரயில் டிக்கெட்டும் அவன் பாடு.

கிளப்பில் ஒன்பது மணிக்கு மேல்
பையன்கள் இருக்கக் கூடாது, சட்டம்.
அறுபத்தைந்தில் நிற்கும் ஆட்டத்தை
நாலு பக்கமிருந்தும் படமெடுத்துக்கொண்டு போவான்.
காலையில் வந்து
பந்துகளை அதே இடங்களில் வைத்து
அறுபத்தாறிலிருந்து தொடங்குவான்.
இரவெல்லாம் அந்தச் சிவப்பு
அவனுக்காகக் காத்திருந்ததாக
அவனுக்கு நினைப்பு.

எட்டாவது ஆட்டம் பார்ன்ஸ்லியில்.
டிவியில் வரும் விளக்கும் கூட்டமும் இல்லை.
ஒரே கூடம், எட்டு மேசை, நடுவில் கறுப்புத் திரைகள்.
பக்கத்து மேசையின் கைதட்டல்
இங்கே குனிந்திருப்பவனின் முதுகில் விழும்.
பார்வையாளர் மூன்று பேர்.
ஒருவர் ஹீட்டருக்காக வந்தவர்.

எதிரே கிளைவ் ராம்ஸ்டன்.
நாற்பத்தொன்பது வயது, முழங்காலில் பட்டை.
சாக்கட்டியை அவர் தேய்ப்பதே
காதுக்குள் ஏதோ ரகசியம் சொல்வது மாதிரி இருக்கும்.
மூன்றுக்கு மூன்று.
கடைசிச் சுற்றில் மிச்சம்
பிங்க், கறுப்பு, இரண்டே பந்து.
கிழவர் எட்டுப் புள்ளி முன்னால்.

நடுக்குழிக்குக் குறிவைத்தான்.
பிங்க் தாடையில் இடித்துத்
திரும்பியது. மறுபக்கச் சுவர்,
மேல் சுவர்,
யாரையோ தேடிப் போகிறவள் போல
நிதானமாக உருண்டு
கேட்காத மூலையில் இறங்கியது.

குருட்டாம்போக்கு.
வெள்ளைப் பந்தோ
கறுப்புக்கு நேர்கோட்டில், சொல்லி வைத்தது போல.

இப்படி நேர்ந்தால் கையைத் தூக்க வேண்டும்.
பத்து வயதில் பழகியது.
கை மன்னிப்புக் கேட்கும்,
கண் அடுத்த பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
இன்று தூக்கிய கை இறங்கவில்லை.
நடுவர் இருமினார்.
ராம்ஸ்டன் நாற்காலியில் இருந்தபடி
தலையை லேசாக அசைத்தார்,
ஆடு என்பது போல.

கறுப்பை அவன் தவறவிடவில்லை.
தவறவிட்டிருக்கலாமா என்று
யோசிக்க அதில் தூரம் இல்லை.

கைகுலுக்கும்போது பெரியவர் ஏதோ சொன்னார்,
நீளமாக. அதில் எண் எதுவும் இல்லை,
அதனால் புரியவில்லை.
பிறகு கோலைத் திருகிக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்,
கார் நிறுத்தத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று
நடுவரிடம் கேட்டார்.

திரும்பும் ரயிலில் அறைத்தோழன் பெய் ஜுன்ஹாங் சொன்னான்:
"அவருக்கு இன்னிக்கோட அட்டை முடிஞ்சுது. முப்பது சீசன்."
"உனக்கு எப்பத் தெரியும்?"
"காலைலயே."
"சொல்லலையே."
"சொல்லியிருந்தா?"

லான்ஜோவில் விடிந்துகொண்டிருந்தது.
மின்மீட்டர் பார்க்க அம்மா கிளம்பும் நேரம்.
ஜெயித்தாயா என்றாள்.
பிங்க் வேறு குழியில் விழுந்தது என்றான்.
விழுந்ததா இல்லையா?
விழுந்தது.
அப்புறம் என்ன, சாப்பிடு.

மறுநாள் கிளப்பில்
இரண்டு பந்தையும் வைத்தான், வெள்ளையையும்.
அதே அடி, அதே தவறு, அதே வேகம்.
பிங்க் எங்கெங்கோ போனது,
அந்த மூலைக்கு மட்டும் போகவில்லை.
மறுபடி வைத்தான்.
ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே வந்தான்.
தொண்ணூற்று மூன்றில்
விளக்கணைக்கும் ஆள் வந்து நின்று
கடிகாரத்தைக் காட்டினான்.
அன்று
அவன் படம் எடுக்கவில்லை.